லயத்திலிருந்து தாமானுக்கு: நாயோடு புது முற்றத்தில் குடியேறுவது எப்படி

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை எங்கள் நாய் மணிக்கு வேலி என்றால் என்னவென்றே தெரியாது. விடியற்காலையில் அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகும்போது கூடவே போவான், வெயில் ஏறினதும் திரும்பி வந்து முனியாண்டி கோயில் மரத்தடியில் மற்ற நாய்களோடு படுத்துக்கொள்வான், சோற்று நேரத்துக்கு மட்டும்தான் வீட்டு வாசல். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கில் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) மூலை வீடு கிடைத்து மாறி வந்தபோது, இவ்வளவு பெரிய முற்றம் இருக்கிறதே, இவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்து முதல் நாளே அவிழ்த்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். பின்பக்கத்து லோங்காங் (வடிகால்) வழியாக நுழைந்து போயிருக்கிறான். சாயங்காலம் தோட்டத்துக் கோயில் பூசாரி போன் செய்தார். ஏழு கிலோமீட்டர் நடந்து போய், பூட்டிக்கிடந்த எங்கள் பழைய வீட்டு வாசற்படியில் படுத்திருக்கிறான். நான் போனதும் வாலை ஆட்டினான், ஆனால் எழுந்து வரவில்லை. தூக்கித்தான் காரில் வைக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ போகும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன, அதில் சிலர் நாயை லயத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். "அது அங்கேயே பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். ஆள் இல்லாத லயத்தில் சோறு போட யார் இருக்கிறார்கள்? முற்றமுள்ள வீடு கிடைத்தவர்கள் தயவுசெய்து கூட்டி வாருங்கள். பழக்க முடியும். ஆனால் இடம் பெரிதாக இருந்தால் அது தானாகப் பழகிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். அந்த முற்றத்தில் நீங்கள் அதோடு எவ்வளவு நேரம் இருக்கிறீர்களோ, அதை வைத்துத்தான் நாய்க்கு அது வீடாகிறது.

சாமான் ஏற்றும் லோரி வருவதற்கு முன்பே ஒரு நாள் தனியாகப் போய் முற்றத்தைச் சுற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் போதாது, முட்டி போட்டு நாயின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா, மழைத்தண்ணீர் வெளியே போகும் துவாரம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தலை நுழைகிற இடத்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும், நுழையாவிட்டால் மாட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். ஹார்ட்வேர் கடையில் கம்பி வலை வாங்கி கேட்டின் கீழ்ப்பாதியில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம், செலவு அதிகமில்லை. லோங்காங் வெளியேறும் துவாரத்துக்கு இரும்புக் கம்பிச் சட்டம் வையுங்கள், ஆனால் கழற்றக்கூடிய மாதிரி. இல்லாவிட்டால் குப்பை அடைத்துக்கொண்டு முதல் பெருமழைக்கே முற்றம் குளமாகிவிடும். வேலியோரம் மண் தரையாக இருந்து உங்கள் நாய் தோண்டுகிற ரகமாகவும் இருந்தால், வலையை ஒரு அடி உட்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்து மேலே கல் பரப்பிவிடுங்கள். வேலிக்குப் பக்கத்திலேயே அது தோண்டும், ஒரு அடி பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது.

முன்பு அங்கே இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், முக்கியமாக உங்களுடையது குட்டியாக இருந்தால். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். அந்த முற்றத்தில் வாந்தியும் இரத்தக்கழிச்சலுமாக ஒரு குட்டி செத்திருக்கிறது என்று தெரிந்தால், தடுப்பூசி எல்லாம் போட்டு முடியும்வரை உங்கள் குட்டியை அந்த மண்ணில் இறக்காதீர்கள். சிமெண்டுத் தரையை ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவலாம். மண்ணில் ஊற்றினால் வேலை செய்யாது.

சரி, குடிபோகிற நாள். நாய் படுத்த பழைய சாக்கையோ கம்பளியையோ துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். புது வீட்டுக்குப் புதுப் பாய் என்று அம்மா மணியின் சாக்கைத் தூக்கிப்போட்டுவிட்டார், அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது. பழைய வீட்டின் வாசனையில் மிச்சமிருப்பது அந்தத் துணி ஒன்றுதான். பால் காய்ச்சும் நேரத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாகக் கேட் திறந்தே கிடக்கும், அந்த ஒரு நாள் நாயை ஒரு அறையில் அந்தச் சாக்கோடும் தண்ணீரோடும் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள், அல்லது தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முற்றத்தில் கயிற்றோடுதான். கயிறு என்றால் கட்டிப்போடுவது இல்லை. மறுமுனை உங்கள் கையில் இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, வேலியோரமாக ஒரே திசையில் சுற்றி வாருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு தூணை ஐந்து நிமிடம் முகர்ந்தால் முகரட்டும். நமக்கு வெறும் தூணாகத் தெரிவதில் அதற்குத் தெரு முழுவதும் தெரிகிறது: எந்தப் பூனை வந்தது, எந்த நாய் போனது, எலி எந்தப் பக்கம் ஓடுகிறது. சுற்றி முடித்ததும் நாற்காலி போட்டு அங்கேயே உட்காருங்கள். தேத்தண்ணீரை வெளியே வைத்துக் குடியுங்கள், போனில் பேசுவதை வெளியே பேசுங்கள். எங்கள் அம்மா கீரை ஆய்வதை, வெங்காயம் உரிப்பதை எல்லாம் முற்றத்துக்கு மாற்றினார் (வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, தோலைச் சிதறவிடாதீர்கள்). நான் நடத்திய நடையைவிட அம்மா உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம்தான் மணியை அங்கே படுக்க வைத்தது என்று உறுதியாகச் சொல்வேன். அப்படி உட்காரத் தொடங்கிய நான்காம் நாள் அவர் காலடியில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டித் தூங்கினான். நாய் ஒரு இடத்தை நம்பினால்தான் அப்படிப் படுக்கும்.

மலஜலம் கழிக்க ஒரு மூலையை முதல் நாளே நீங்கள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தேர்ந்தெடுத்துவிடும். பழைய இடத்தில் அது சிறுநீர் விட்ட மண்ணை ஒரு பையில் கொண்டுவந்து அந்த மூலையில் கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும். விழித்ததும் ஒரு முறை, சாப்பிட்டுக் கால் மணி, அரை மணி நேரத்தில் ஒரு முறை கயிற்றோடு அங்கே கூட்டிப்போய் நின்றுகொண்டிருங்கள். போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு கோழி இறைச்சி, எலும்பில்லாமல். உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. ஆண் நாய் புது இடத்தில் கண்டதிலெல்லாம் காலைத் தூக்கும். துளசி மாடத்தையும் வெளியே இருக்கும் சாமி மேடையையும் முன்கூட்டியே யோசியுங்கள். எங்கள் துளசித் தொட்டி தரையில் இருந்தது, மணி முதல் வாரமே அதில் கால் தூக்க, அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றடி உயரத்தில் கல் அடுக்கி மேலே வைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள், நீங்கள் பார்க்காத நேரத்தில் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

வெயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மரநிழல் இருந்தது. தாமான் வீடுகளில் முற்றம் பாதிக்கு மேல் சிமெண்டு, மேலே ஸிங்க் கூரை. மதியம் 33 டிகிரி வெயிலில் அந்தத் தரை காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி தாங்க முடிகிறதா பாருங்கள், முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது, நாய்க்கு நாக்கை நீட்டி மூச்சிரைப்பதுதான் முக்கிய வழி. ஒரு விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள். மூன்று நேரமும் நிழல் இருக்கிற இடத்தில்தான் படுக்கை. பலகைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து நாலு செங்கல் மேல் வைத்தால் கீழே காற்றோட்டம் இருக்கும், மழையில் தரை நனைந்தாலும் நாய் நனையாது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்துவிட்டு, அக்டோபரில் ஜெராய் மலைப் பக்கமிருந்து வரும் சாய்மழையில் ஏமாந்துவிடாதீர்கள். சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதையும் பார்த்துத்தான் தட்டியோ கித்தானோ கட்ட வேண்டும்.

தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும். தினமும் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். ஏடிஸ் கொசு முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. டெங்கி நமக்கு. நாய்க்குக் கொசுவால் இதயப்புழு வரும், அதற்கு மாத மருந்து இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி, தோட்டத்தை ஒட்டிய ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. செம்பனைக் காட்டில் எலி நிறைய, எலி இருந்தால் பாம்பு. கருநாகம் எங்கள் பக்கம் சாதாரணம். அது கடிக்காமலே விஷத்தைத் துப்பும், குரைத்துக்கொண்டு எதிரே நிற்கும் நாயின் கண்ணில்தான் படும். அப்படி ஆனால் சுத்தமான தண்ணீரை மெல்லிய ஓட்டத்தில் பதினைந்து நிமிடமாவது கண்ணில் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். கடித்திருந்தால் கீறவும் கூடாது, கட்டவும் கூடாது, நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைப் பிடிக்க 999க்கு அழைத்தால் பொம்பா என்கிற தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள், நீங்கள் தடியோடு இறங்க வேண்டாம். வேலியோரம் பலகை, ஓடு, பழைய டயர் எதையும் குவிக்காதீர்கள், லாலாங் புல்லை வளரவிடாதீர்கள், நாய்ச் சோற்றை இரவில் வெளியே மிச்சம் வைக்காதீர்கள். அந்தச் சோற்றுக்குத்தான் எலி வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

பாம்பைவிட நான் பயப்படுவது எலி மருந்துக்கு. தோட்டத்தில் மெழுகுக் கட்டி மாதிரி வைப்பார்கள், எலி அதை இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போடும், வேலி தாண்டி உங்கள் முற்றத்திலும் போடும். தின்ற நாய் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். இரத்தம் உறையாமல் போவது மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். தின்றதைப் பார்த்தால், சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மிச்சமிருக்கும் கட்டியையோ உறையையோ எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலானவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும், ஆனால் சீக்கிரம் கொண்டுபோனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தினமும் காலையில் நாயை விடுவதற்கு முன் முற்றத்தை ஒரு சுற்று பார்ப்பது எனக்குப் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. புல்லுக்கு மருந்து அடிப்பவர்கள் பக்கத்தில் இருந்தால், எப்போது அடிக்கிறார்கள் என்று முன்பே சொல்லச் சொல்லுங்கள், ஈரம் காயும்வரை நாயை உள்ளே வையுங்கள். நத்தை மருந்து உருண்டைகளை நாய் இருக்கும் வீட்டில் போடவே கூடாது.

தேரையும் உண்டு. மழை இரவில் லோங்காங்கிலிருந்து ஏறி வரும், நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் வாயைக் கழுவி, ஈறுகளைத் துணியால் துடையுங்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ மருத்துவர்தான்.

செடிகளில் அரளி, மஞ்சள் அரளி, ஆமணக்கு இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பூசைக்கு வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே நடுங்கள். அழகுக்கு வைக்கும் சைக்காஸ் செடியின் கொட்டை ஈரலைக் கெடுக்கும் விஷம். கறிவேப்பிலை, செம்பருத்தி, மல்லிகை, வாழை எல்லாம் பயமில்லை. ரம்புத்தான் கொட்டையும் மாங்கொட்டையும் குடலில் அடைத்துக்கொள்ளும், பழக்காலத்தில் தினமும் கூட்ட வேண்டும். ரப்பர் மரம் பக்கத்தில் இருந்தால் காய் வெடித்துக் கொட்டை சிதறும் காலத்தில் இன்னும் கவனம், பச்சைக் கொட்டையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மணிக்கு அந்த வெடிச் சத்தம் மட்டும் பிடித்திருந்தது, காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டே இருப்பான். தீபாவளி வெடிக்கு அப்படி இல்லை, அந்த இரவு அவனை முற்றத்தில் விடுவதே கிடையாது.

உண்ணி. புது வீட்டுச் சுவர் விரிசலிலேயே காத்திருக்கலாம். நாய்மேல் இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி இறங்கிப் போய் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. விரிசல்களைச் சிமெண்டு பூசி அடையுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள் (முதல் மாதம் மட்டும் வேண்டாம், வாசனை போய்விடும்), காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டார். எங்கள் இடது பக்கம் மலாய்க் குடும்பம். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும். அது அவர்கள் மார்க்கம், அவர்களுக்கு அந்தச் சிரமத்தை உண்டாக்காமல் பார்ப்பது நம் பொறுப்பு. குடிபோன மறுநாளே நான் போய் அந்த வீட்டு மக்சிக்கிடம் (பெரியம்மாவிடம்) நாய் இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டது இரண்டே விஷயம்: முற்றம் கழுவும் தண்ணீர் அவர்கள் பக்கம் வரக்கூடாது, பேரப்பிள்ளைகள் மதரஸாவுக்குப் போகும் நேரத்தில் நாய் கேட்டில் நிற்கக்கூடாது. அந்தப் பக்க வேலியில் நாலடிக்குத் தகடு அடித்தோம், அந்த நேரத்தில் மணியைப் பின்பக்கம் கூட்டிப்போய்விடுகிறோம். தகடு அடித்ததில் இன்னொரு நன்மை, தெருவில் போகும் மோட்டார்சைக்கிள் அவன் கண்ணில் படுவதில்லை, குரைப்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

நாளெல்லாம் சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள், காவலுக்கு என்றாலும். கட்டிப்போட்ட நாய் பயத்தில் குரைக்கும், கடைசியில் வீட்டுப் பிள்ளையையே கடிக்கவும் கூடும். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி வளர்ப்பவருக்குக் கடமைகள் இருக்கின்றன. அதே 2015இல்தான் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய் நோய் திரும்ப வந்து, எத்தனையோ நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். ஆகவே வெறிநாய் தடுப்பூசியும், புது முகவரியில் உள்ளூராட்சி மன்ற உரிமமும் குடிபோன மாதமே முடித்துவிடுங்கள். தெரியாத நாய் யாரையாவது கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், மஞ்சளும் காப்பித்தூளும் வைக்கக்கூடாது.

எப்போது அவிழ்த்துவிடலாம்? கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். வேலியோரம் முகர்ந்துகொண்டிருக்கும்போதும் விட்டுவிட்டு வந்தால், அடுத்த நாள் அவிழ்க்கலாம், நீங்கள் கூடவே இருந்து பத்து நிமிடம். தனியாக விடுவது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. கேட்டருகே நடந்துகொண்டே இருந்தால், சாப்பாட்டைத் தொடாமல் வாசலைப் பார்த்தே படுத்திருந்தால், இன்னும் பழைய வீட்டு நினைப்பில் இருக்கிறது, பொறுங்கள். அந்தச் சமயத்தில் பாவம் என்று பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

கழுத்துப்பட்டையில் போன் நம்பரைப் பொறித்துப் போடுங்கள். தோட்டத்தில் இன்னும் இருக்கிற யாரிடமாவது, கோயில் பூசாரியோ கடைக்காரரோ யாராயிருந்தாலும், நாயின் படத்தையும் உங்கள் நம்பரையும் கொடுத்து, அங்கே வந்தால் கட்டிவைத்து ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். இதைக் குடிபோவதற்கு முதல் நாளே செய்துவிடுங்கள்.